ஏடு காத்தவர்: எட்வேட் ஹேட்ஸ்லெற்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இராசதந்திரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றைக் கற்கும் மாணவன் மெற்றேணிக், பாமேஸ்ரன், பிஸ்மாக், டிஸ்ரேலி, சோல்ஸ்பரி என்னும் பெயர்களோடு விரைவிற் பழகிவிடுகின்றான். இவர்கள் மாநாட்டு மேசைகளைச் சூழ்ந்திருந்து பேசினர், உடன்படிக்கைகளிற் கையொப்பமிட்டனர், ஓவியர் இவர்களைத் தீட்டினர். ஆயின், இவர்கள் வாய் திறப்பதற்கு முன்னர், பழைய உடன்படிக்கை யாது கூறிற்று, அதனைச் செய்தோர் எப்பொருளிற் செய்தனர், இதே பிணக்கு முன்னர் எழுந்தபோது தம் அரசு எவ்வாறு விடையிறுத்தது என்பவற்றைத் தேடியெடுத்து இவர்கள் கையிற் கொடுத்தோரைப் பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பதில்லை. அத்தகையோருள் தலையாயவர் பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகத்தின் நூலகராயும் பத்திரக் காப்பாளராயும் 1857 முதல் 1896 வரை பணியாற்றிய எட்வேட் ஹேட்ஸ்லெற் என்பவர். ஓர் ஏடுகாப்பாளரின் பணி ஒரு பேரரசின் இராசதந்திரத்தை எவ்வளவிற்கு உருவாக்கியது என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வெளிநாட்டு அலுவலகத்தில் நூலகர் பதவி தோன்றியது 1801 ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில் உதவி நூலகராக லூயிஸ் ஹேட்ஸ்லெற் என்னும் சிறுவன் அமர்த்தப்பட்டான். அப்பொழுது அவனுக்கு வயது பதின்மூன்று. சுவிற்சர்லாந்து வழிவந்த குடும்பம். தந்தை அரசனின் கடிதங்களைப் பிறநாடுகளுக்குக் கொண்டுசென்ற தூதுப் பணியாளர். லூயிஸ் 1810 இல் நூலகராகி, 1857 வரை அப்பதவியிலிருந்தார். அவருடைய இளைய மகனே எட்வேட். 1824 இற் பிறந்து, 1840 இல் தந்தையின் கீழ் எழுத்தராகச் சேர்ந்து, 1857 இல் தந்தையின் நாற்காலியிலேயே அமர்ந்தார். ஆக, 1810 தொடக்கம் 1896 வரை எண்பத்தாறு ஆண்டுகள் பிரித்தானியப் பேரரசின் வெளிநாட்டுப் பத்திரங்கள் தந்தை, மகன் என்னும் இருவர் பொறுப்பிலேயே இருந்தன. ஊர்க்கணக்கு வழிவழியாக ஒரே குடும்பத்தில் இருந்துவந்த முறையை அறிந்த நமக்கு இது வியப்பாகாது. கணக்கு இன்ன இடத்தில் இருக்கின்றது என்பதை ஏடு சொல்லாது. ஏட்டை வைத்திருப்பவனே சொல்வான்.

இந்நிலைபேற்றின் பெறுமதி, அமைச்சர்களின் நிலையின்மையோடு ஒப்பிடும்போதே புலப்படும். எட்வேட் பதவியிலிருந்த காலத்தில் வெளிநாட்டு அமைச்சர் ஆசனம் பதினாறு முறை கைமாறியது. கிளாரண்டன், மாம்ஸ்பரி, இரசல், ஸ்ரான்லி, கிரான்வில், சோல்ஸ்பரி, உறோஸ்பரி, இடெஸ்லி, கிம்பர்லி என ஒன்பதின்மர் அதில் அமர்ந்தனர். சிலர் இருமுறை, மும்முறை திரும்பி வந்தனர். தேர்தலில் ஒரு கட்சி தோற்க மற்றது வரும். புதிய அமைச்சர் தமக்கு முன்னிருந்தோர் எழுதிய கடிதங்களைப் படித்து முடிக்குமுன் தாமே விலகவும் நேரும். நேர்கோட்டிலே செல்வதாக வெளிநாட்டார் கருதிய பிரித்தானியக் கொள்கையின் தொடர்ச்சியிற் பெரும்பங்கு அமைச்சர்களின் மதியினாலன்று, நூலகத்தின் அட்டவணைகளினால் உண்டாயது என்றே யாம் கருதுகின்றோம்.

அப்பணி நடைபெற்ற முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். உலகின் பல தலைநகரங்களிலிருந்தும் தூதுவர் எழுதும் கடிதங்கள் உரிய திணைக்களத்தில் ஆராயப்பட்ட பின்னர் நூலகத்தை அடையும். அங்கே அவை பதிவேட்டில் ஏற்றப்பட்டு, நாடு வாரியாகவும் பொருள் வாரியாகவும் அட்டவணைப்படுத்தப்படும். கடிதத்தைக் காத்து வைத்தல் எளிது. முப்பது ஆண்டுகளின் பின் ஒரு மாலைப்பொழுதில் அமைச்சர் கேட்கும்போது ஒரு மணி நேரத்தில் அதனை எடுத்தல் அரிது. எடுத்தலோடும் பணி முடியவில்லை. பழைய பத்திரங்கள் பலவற்றைக் கற்று, அவற்றின் சாரத்தைத் திரட்டி, 'இப்பிணக்கின் வரலாறு இது; எமது உரிமை இவ்வடிப்படையிலானது; எதிர்த்தரப்பினர் இன்ன ஆண்டில் இதனை ஒப்புக்கொண்டனர்' என்று குறிப்புரை எழுதுதல் நூலகரின் கடனாயிற்று. எட்வேட் எழுதிய குறிப்புரைகள் மிகப்பல. முதன்மையானவை இரகசியமாக அச்சிடப்பட்டு அமைச்சரவையினரிடையே வழங்கின. பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீலப் புத்தகங்களோ தெரிந்தெடுத்த கடிதங்களையே தாங்கின. முழுவரலாறு நூலகத்திலேயே தங்கியது.

இத்தகைய குறிப்புரையில் ஒரு தேதி எத்துணைப் பாரம் தாங்கும் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய எடுத்துக்காட்டொன்று உண்டு. 1814 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13 ஆம் நாள் பிரித்தானியாவும் ஒல்லாந்தும் செய்த உடன்படிக்கையின்படி ஒல்லாந்தரின் குடியேற்ற நாடுகள், நன்னம்பிக்கை முனையும் கயானாவிற் சில பகுதிகளும் நீங்கலாக, மீளக் கொடுக்கப்பட்டன. அவ்விலக்குகளுள் இலங்கையின் பெயர் இல்லை. அங்ஙனமாயின் இலங்கையும் மீண்டிருத்தல் வேண்டுமன்றோ? மீளவில்லை. ஏனெனில், திரும்பக் கொடுக்கப்படுவன 1803 சனவரி 1 ஆம் நாள் ஒல்லாந்தர் வசமிருந்தவையே என்று அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1802 இல் ஆமியன்ஸ் உடன்படிக்கையாற் பிரித்தானியாவிற்கு முன்னரே உரிமையாக்கப்பட்டிருந்தன. நாட்டின் பெயரைச் சொல்லாமலே ஒரு தேதி அந்நாட்டின் ஊழைக் காட்டிற்று. பெயரை மட்டும் தேடுபவன் இதனைக் காணான். இரண்டு உடன்படிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனே காண்பான்.

1870 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறு அருகருகே வைத்துப் பார்க்கும் வித்தை ஐரோப்பா முழுவதற்கும் தேவைப்பட்டது. பிரான்சும் பிரசியாவும் போரில் ஈடுபட்டிருந்த வேளை நோக்கி, இரசிய அமைச்சர் கோர்ச்சக்கோவ் ஒக்ரோபர் 31 ஆந் தேதியிட்ட சுற்றுக்கடிதமொன்றை விடுத்தார். 1856 ஆம் ஆண்டுப் பரிசு உடன்படிக்கை கருங்கடலில் இரசியா போர்க்கப்பல் வைத்திருத்தலைத் தடுத்த பகுதி தன்னை இனிக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். ஏனைய வல்லரசுகளும் உடன்படிக்கையை மீறியுள்ளன என்பதும் இரசியாவின் வாதங்களுள் ஒன்று. மீறினவா, இல்லையா என்பதைப் பத்திரங்களே சொல்ல முடியும். 1871 இல் இலண்டனிற் கூடிய மாநாடு, எந்த வல்லரசும் ஏனையோர் இசைவின்றி உடன்படிக்கையிலிருந்து தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்று சனவரி 17 ஆம் நாள் பிரகடனஞ் செய்தது. பின்னர் மார்ச்சு 13 ஆம் நாள் இரசியா கேட்டதைப் பெரும்பாலும் கொடுத்தும் விட்டது. கொள்கை காப்பாற்றப்பட்டது, கருங்கடல் காப்பாற்றப்படவில்லை. பத்திரத்தின் வலிமையும் அதன் எல்லையும் இவ்வொரு நிகழ்ச்சியிலேயே அமைந்துள்ளன.

ஏழாண்டுகளின் பின்னர் இரசியா துருக்கியை வென்று, 1878 மார்ச்சு 3 ஆம் நாள் சன் ஸ்ரெபானோவிற் செய்த உடன்படிக்கையை மாற்றியமைப்பதற்கென வல்லரசுகள் பேர்லினிற் கூடின. பீக்கன்ஸ்பீல்ட் பிரபு ஆகிவிட்ட டிஸ்ரேலியும், வெளிநாட்டு அமைச்சர் சோல்ஸ்பரியும் சென்ற தூதுக்குழுவில் ஹேட்ஸ்லெற்றும் சேர்க்கப்பட்டார். நூலகரை நூலகத்தை விட்டுப் பெயர்த்து மாநாட்டு நகருக்கு அழைத்துச் சென்றமை தானே அவர் பணியின் இன்றியமையாமையைக் காட்டும். சூன் 13 முதல் சூலை 13 வரை நடந்த அம்மாநாட்டின் உடன்படிக்கையில் அறுபத்து நான்கு உறுப்புரைகள் உள. அவற்றுள் அறுபத்து மூன்றாவது உறுப்புரையைப் பொதுமக்கள் எவரும் நினைவில் வைத்திலர். 1856 ஆம் ஆண்டுப் பரிசு உடன்படிக்கையும் 1871 ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையும் இப்பொழுது நீக்கப்படாத, மாற்றப்படாத பகுதிகளில் எல்லாம் தொடர்ந்து நிலைபெறும் என்கிறது அது. சொல்வதற்கு ஒரு வரி. அதன்படி எது நிலைபெற்றது, எது ஒழிந்தது என்று அறியவேண்டின் மூன்று உடன்படிக்கைகளையும் உறுப்புரை உறுப்புரையாக ஒத்துப் பார்த்தல் வேண்டும். அமைச்சர் வெற்றி முழக்கத்தோடு இலண்டன் திரும்பினார். நூலகருக்கோ அந்நாளிலிருந்தே வேலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அவருக்கு வீரப் பட்டம் வழங்கப்பட்டது.

அதே மாநாட்டின்போது ஏட்டின் மற்றொரு முகமும் வெளிப்பட்டது. மாநாட்டிற்கு முன்னரே பிரித்தானியாவும் இரசியாவும் தமக்குள் இரகசிய உடன்பாடு செய்திருந்தன. வெளிநாட்டு அலுவலகத்திற் குறைந்த ஊதியத்திற்குத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த சாள்ஸ் மாவின் என்னும் எழுத்தர் அதன் வாசகத்தை 'குளோப்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது; எனினும் எச்சட்டத்தை மீறினார் என்று காட்ட இயலாமையால் விடுவிக்கப்பட்டார். 1889 ஆம் ஆண்டு அரச இரகசியச் சட்டத்திற்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. ஒரே கூரையின் கீழ் ஒருவர் ஏட்டைக் காத்துப் பட்டம் பெற, மற்றொருவர் ஏட்டை வெளியிட்டுச் சிறைவாயில் வரை சென்றார்.

ஹேட்ஸ்லெற் இராசதந்திரத்தை உருவாக்கினார் என்று கூறுதல் மிகைபடக் கூறலாகாதா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. எதை விரும்புவது என்பதை அவர் ஒருபோதும் முடிவு செய்யவில்லை. சைப்பிரசுத் தீவைப் பிரித்தானியா கைக்கொள்ள வழிசெய்த 1878 சூன் 4 ஆம் தேதி ஒப்பந்தம் எந்தப் பழைய ஏட்டிலிருந்தும் பிறந்ததன்று. அமைச்சர்களின் துணிவிற் பிறந்தது. ஆயினும், விரும்பியதை எவ்வடிவில் உரிமையாகக் கூறலாம், எதிரி எதனை மறுக்க இயலாது, எவ்விடத்தில் நம் வாதம் வலுவற்றது என்பவை பெரும்பாலும் காப்பாளரின் குறிப்புரையிலேயே முதன்முதல் உருப்பெற்றன. வினாவைச் சமைப்பவன் விடையிற் பாதியைச் சமைத்துவிடுகிறான். நேர்மையான ஏட்டாராய்ச்சி சில வேளைகளிற் சொந்த அரசிற்கே இடையூறாகவும் முடியும்: 1910 இல் அதே வெளிநாட்டு அலுவலகத்தைச் சேர்ந்த பேண்ஹாட் என்பவர் போக்லந்துத் தீவுகள் பற்றிப் பழைய பத்திரங்களைக் கொண்டு எழுதிய நீண்ட குறிப்புரை, பிரித்தானிய உரிமையின் உறுதி பற்றி அங்கிருந்த அதிகாரிகளுக்கே ஐயத்தை விளைத்தது.

ஹேட்ஸ்லெற்றின் நிலையான புகழுக்குக் காரணம் அவர் அச்சிட்ட தொகுப்புக்களாகும். தந்தை தொடங்கிய வாணிக உடன்படிக்கைத் தொகுதியையும், பிரித்தானிய, பிறநாட்டு அரச பத்திரங்கள் என்னும் பெருந்தொடரையும் அவர் தொடர்ந்து நடத்தினார். 1875 இல் 'உடன்படிக்கைகளின்படி ஐரோப்பாவின் படம்' என்னும் நூலை மூன்று பாகங்களில் வெளியிட்டார். நான்காம் பாகம் 1891 இல் வந்தது. படம் என்று பெயர் பெற்றிருப்பினும், தேசப்படங்கள் சில உளவெனினும், நூலின் பெரும்பகுதி 1814 முதலான உடன்படிக்கைகளின் வாசகங்களேயாம். ஒரு நாட்டின் எல்லை மலையாலும் ஆற்றாலும் ஆனதன்று, சொற்களால் ஆனது என்னும் கருத்து அத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது. அலுவலகத்தின் அகத்தே ஒரு குடும்பத்தின் நினைவாக இருந்தது இப்பொழுது எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய நூலாயிற்று. பிறநாட்டுத் தூதுவரும் அதனை மேசையில் வைத்துக்கொண்டனர். பிரித்தானிய நூலகர் தொகுத்த வரிசையிலும் அவர் எழுதிய அடிக்குறிப்புக்களோடும் ஐரோப்பா தன் கடமைகளைப் படித்தது. இதனை நாம் சாதாரணமாகக் கொள்ளலாகாது.

1894 இல் வந்த 'உடன்படிக்கைகளின்படி ஆபிரிக்காவின் படம்' வேறுவகைப்பட்டது. ஐரோப்பிய நூலில் உடன்படிக்கை செய்தோர் யாவரும் தத்தம் ஏடுகளையும் காப்பாளரையும் உடையோர். ஆபிரிக்க நூலிலோ ஒருபுறத்தார் மட்டுமே அத்தகையோர். மறுபுறத்தே நின்ற தலைவர் பலர் தாம் படிக்கவியலாத மொழியில் எழுதிய தாளிற் குறியிட்டனர். மற்றும் பலருடைய நிலம் அவர் அறியாமலே இரு ஐரோப்பிய அரசுகளாற் பங்கிடப்பட்டது. பேசி நினைவிற் காத்த உரிமைக்கு அட்டவணையில் இடமில்லை. காப்பாளர் ஒருவரைப் பழித்துப் பயனில்லை. அவர் தம்மிடம் வந்த தாளையே தொகுத்தார். எனினும், தாள் வராத இடத்தில் உரிமையும் இல்லை என்று உலகம் எண்ணப் பழகியதற்கு இத்தொகுப்புக்கள் ஒரு காரணம் என்பதை மறைத்தலும் தகாது. அவ்வாறு அச்சேறிய வாசகங்களுள் ஒன்று 1890 சூலை 1 ஆம் நாள் பிரித்தானியாவும் சேர்மனியும் செய்த உடன்படிக்கை. சோபே ஆற்றின் எல்லையை ஆங்கில வாசகம் பிரதான ஓடையின் நடு என்றும், சேர்மன் வாசகம் அதன் ஆழ்வழி என்றும் கூறின. போட்ஸ்வானாவும் நமீபியாவும் அவ்வாற்றிடைக்குறை ஒன்றிற்காக வழக்காடியபோது, 1999 திசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் அச்சொற்களையே நிறுத்துப் பார்த்துப் போட்ஸ்வானாவிற்குத் தீர்ப்பளித்தது.

ஆசியாவில் ஹேட்ஸ்லெற் நேராகவே மேசையில் அமர்ந்த விடயம் போர்ணியோ ஆகும். 1824 ஆம் ஆண்டு ஆங்கில–ஒல்லாந்த உடன்படிக்கையில், சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கேயுள்ள தீவுகளிற் பிரித்தானியர் குடியேறுவதில்லை என்று ஒரு வாசகம் உண்டு. போர்ணியோ அதில் அடங்குமா? பெருந்தீவின் ஒரு பகுதி தெற்கேயும் ஒரு பகுதி வடக்கேயும் கிடக்கின்றது. ஒல்லாந்தர் அடங்கும் என்றனர். பிரித்தானியர், அவ்வாசகம் அண்மையிலுள்ள சிறு தீவுகளையே கருதியது என்றனர். 1841 இல் ஜேம்ஸ் புறூக் சராவாக்கில் ஆட்சி பெற்றபோதும், 1846 இல் இலபுவான் பிரித்தானியாவைச் சேர்ந்தபோதும் இவ்வாதம் எழுந்தது. 1877 இறுதியிற் புரூணை சுல்தானிடமும், 1878 சனவரி 22 ஆம் நாள் சூலு சுல்தானிடமும் ஓவர்பெக், டென்ற் என்போர் வடபோர்ணியோவின் பெரும்பகுதியைப் பெற்றனர்; 1881 இற் பட்டயக் கம்பனி அமைந்தது. சூலு சுல்தானுக்கு ஆண்டுதோறும் 5000 டொலர் கொடுப்பதாக ஏற்பாடு. அப்பத்திரம் மலாய் மொழியில் ஆனது. அதில் வரும் 'பஜக்' என்னும் சொல்லை ஆங்கிலேயர் நிலத்தைக் கையளித்தல் எனப் பெயர்த்தனர். குத்தகை என்பதே அதன் பொருள் என்போர் உளர். 1962 இல் பிலிப்பைன்ஸ் அரசு சபா நாட்டின்மீது உரிமை கோரியது அச்சொல்லின் பின்பொருளைப் பற்றிக்கொண்டேயாம்.

கம்பனியின் தெற்கெல்லை சிபுக்கோ ஆறு வரை என்பது ஆங்கிலேயர் கோரிக்கை. வடக்கே பத்து தினகத் முனை வரை தமதென்பது ஒல்லாந்தர் கோரிக்கை. இதனை ஆராய 1889 இல் இலண்டனிற் கூடிய கூட்டுக்குழுவிற் பிரித்தானியப் பிரதிநிதிகளுள் ஒருவர் ஹேட்ஸ்லெற். அறுபத்தைந்து வயதாகியும் ஓய்வுபெற விடாது அரசு அவரை வைத்துக்கொண்டதன் காரணம் இத்தகைய வேளைகளில் விளங்கும். 1891 சூன் 20 ஆம் நாள் உடன்படிக்கை முடிவாயிற்று. கிழக்குக் கரையில் வடஅகலக்கோடு 4 பாகை 10 கலை எல்லையாகக் கொள்ளப்பட்டது. அக்கோடு செபாத்திக் என்னும் தீவை இரண்டாக வெட்டிச் செல்கின்றது. அத்தீவில் வாழ்ந்தோரை எவரும் கேட்கவில்லை.

அவ்வுடன்படிக்கையை ஒல்லாந்த அரசு தன் பாராளுமன்றத்தின் முன் வைத்தபோது விளக்கக் குறிப்போடு படமொன்றையும் இணைத்தது. அப்படத்தில் எல்லையைக் காட்டும் சிவப்புக்கோடு செபாத்திக் தீவோடு நில்லாமற் கடலுள்ளும் நீண்டிருந்தது. ஹேக் நகரிலிருந்த பிரித்தானியத் தூதுவர் ஹொரேஸ் றம்போல்ட் அதனை இலண்டனுக்கு அனுப்பினார். சிவப்புக்கோட்டைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இலண்டனும் மறுமொழி கூறவில்லை. தாள் ஏடுகளோடு ஏடாகச் சேர்ந்தது. ஹேட்ஸ்லெற் 1896 இல் ஓய்வுபெற்று, 1901 இற் பழைய வெளிநாட்டு அலுவலகம் பற்றிய தம் நினைவுகளை நூலாக்கி, 1902 இற் காலமானார். ஒரு நூற்றாண்டு கழிந்தது. பேரரசுகள் இரண்டும் அவ்விடத்தை விட்டு நீங்கின.

பின்னர், அக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் லிகித்தான், சிப்பதான் என்னும் இரு சிறு தீவுகள் யாருக்குரியவை என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் அனைத்துலக நீதிமன்றத்தின் முன் நின்றன. 1891 ஆம் ஆண்டுக் கோடு கடலுள்ளும் நீளும் என்றது இந்தோனேசியா. அச்சிவப்புக்கோட்டையும் இலண்டனின் மௌனத்தையும் சான்றாகக் காட்டிற்று. நீதிபதிகள் 1889 ஆம் ஆண்டுக் குழுவினர் செய்தவற்றைப் புரட்டிப் பார்த்தனர். அக்குழு தரையெல்லையையே கருதியது என்றும், முறைப்படி அறிவிக்கப்படாத படத்தைக் கண்டு வாளாவிருந்தமை இசைவாகாது என்றும் கூறினர். வழக்கிற்கு ஆட்சி, ஆவணம், காட்சி என மூவகைச் சான்று கொள்ளுதல் தமிழர் பழைய மரபு. ஈண்டு ஆவணம் இரு திறத்தார்க்கும் கைகொடாதொழிய, மன்றம் ஆட்சியை நோக்கியது. அதிற் கிடைத்தவை பெரிய இராசதந்திரப் பத்திரங்கள் அல்ல. ஆமை முட்டை எடுத்தலை ஒழுங்குபடுத்திய 1917 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், சிப்பதானைப் பறவைக் காப்பிடமாக்கிய 1933 ஆம் ஆண்டு அறிவித்தல், 1962 இலும் 1963 இலும் கட்டிய வெளிச்சவீடுகள் ஆகியனவே அவை. வடபோர்ணியோ அலுவலகங்களில் யாரோ சில எழுத்தர் கோவைகளிற் கட்டி வைத்த அத்தாள்களைக் கொண்டு, 2002 திசம்பர் 17 ஆம் நாள், பதினாறு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, மன்றம் அவ்விரு தீவுகளையும் மலேசியாவிற்கு உரியனவாகத் தீர்த்தது.